பேட்டரி இறங்கிய ஸ்கூட்டர்: காலை வைக்கும் முன் காதைக் கொடுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலும் ஒரே பேச்சுதான்: “அண்ணாச்சி, செல்ஃப் எடுக்க மாட்டேங்கு.” சித்திரை, வைகாசி வெயிலில் தளர்ந்துபோன பேட்டரி, மழை இறங்கிக் காலை நேரம் கொஞ்சம் குளிர்ந்ததும் கையை விரித்துவிடும். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான். அதனால் மற்றதை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பேட்டையிலிருந்து ஒரு ஆசிரியை: 2021-ல் வாங்கின ஸ்கூட்டர். செல்ஃப் பட்டனை அழுத்தினா ‘டிக் டிக்’னு சத்தம் மட்டும் வருது. கிக்கரை மிதிச்சு மிதிச்சு முழங்கால் விட்டுப்போச்சு. எங்க வீட்டுக்காரரோட பழைய வண்டி செத்த பேட்டரியிலயும் ரெண்டு மிதியில எடுக்குது. புதுசு ஏன் இப்படிப் படுத்துது?

டீச்சர், இரண்டும் வேறு வேறு வண்டி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதோடு ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்தது. கார்புரேட்டர் வண்டியில் இன்ஜின் இழுக்கிற காற்றே பெட்ரோலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பல மாடல்களில் ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்டையும், இன்ஜினோடு சேர்ந்து சுற்றிக் கரண்ட் உண்டாக்குகிற மேக்னெட்டோவே கொடுத்துவிடும். நீங்கள் மிதிக்கும்போது மேக்னெட்டோ சுற்றும், பிளக்கில் பொறி விழும். பேட்டரியைக் கேட்க வேண்டிய வேலையே இல்லை. உங்கள் வண்டியில் டேங்குக்குள் ஒரு மோட்டார் பம்ப், பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு இன்ஜெக்டர், இரண்டையும் நடத்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றுக்கும் கரண்ட் வேண்டும்.

அதனால் கிக்கரில் காலை வைக்கும் முன் பத்து விநாடி ஒதுக்குங்கள். தெருவில் சத்தம் அடங்கிய நேரமாகப் பார்த்து, சாவியை ஆன் செய்து காதைக் கொஞ்சம் சீட் பக்கம் கொடுங்கள். ‘ங்ங்ங்’ என்று இரண்டு மூன்று விநாடி ஒரு முனகல் கேட்டு, தானாக நிற்க வேண்டும். அதுதான் பம்ப். முனகல் திடமாகக் கேட்டு, மீட்டரில் எஃப்.ஐ. விளக்கும் எரிந்தால் பேட்டரி முழுக்கச் சாகவில்லை என்று அர்த்தம். செல்ஃப் மோட்டாரைச் சுற்றத்தான் தெம்பில்லை. நீங்கள் சொல்லும் ‘டிக் டிக்’, செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயின் சத்தம். ரிலேயை இழுக்கக் கரண்ட் இருக்கிறது, மோட்டாரைச் சுற்ற இல்லை. இந்த நிலையில் கிக்கர் கை கொடுக்கும். ஆனால் செல்ஃபைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். மிச்சம் இருக்கிற கரண்டும் அதிலேயே போய்விடும்.

மிதிக்கிற விதமும் முக்கியம். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். சில மாடல்களில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் எடுக்கவே எடுக்காது. போனுக்கு சார்ஜர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சாவியை ஆன் செய்து, பம்ப் முனகி முடியும் வரை பொறுங்கள். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கெட்டியாக எதிர்க்கும். அங்கே நிறுத்தி, லீவரை மேலே வரவிட்டு, பிறகு உடம்பு பாரத்தோடு ஒரே சீராகக் கடைசி வரை மிதியுங்கள். வெட்டி வெட்டி மிதித்தால் இன்ஜின் முழுச் சுற்று சுற்றாது, முழங்கால்தான் வாங்கும். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். பழைய வண்டி என்றால் சோக் இழுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரு இழை திருப்பலாம்.

முனகல் கேட்கவில்லை, விளக்கும் மங்கல் என்றால் நாலைந்து மிதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது வருகிற கொஞ்ச நஞ்சக் கரண்டையும் காலிப் பேட்டரியே குடித்துவிடும். விளக்கே சுத்தமாக எரியாவிட்டால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் ஃபியூஸையும் டெர்மினல் போல்ட்டையும் பாருங்கள். போல்ட் லூசாகி, புதுப் பேட்டரி மாற்றிய ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

களக்காட்டிலிருந்து: 2012 மாடல் வண்டி, அப்பாவுடையது. கிக்கரை மிதிச்சா பிடிக்காம சும்மா கீழே போயிருது அண்ணாச்சி.

தம்பி, லீவர் போகும்போது இன்ஜின் சுற்றுகிற ‘சுக்’ சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். சத்தம் வராமல் வழுக்கினால் இடது பக்க மூடிக்குள் இருக்கும் கிக் கியர் பிடிக்கவில்லை. செல்ஃபிலேயே ஓட்டி ஓட்டி, வருஷக்கணக்கில் கிக்கரைத் தொடாமல் விட்டால் பெல்ட் தூசியும் காய்ந்த கிரீஸும் அதில் அப்பிக்கொள்ளும். மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், பெரிய செலவில்லை. இன்ஜின் சுற்றியும் எதிர்ப்பே தெரியவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை நசுக்குகிற அழுத்தம், போயிருக்கிறது. அது வேறு வைத்தியம்.

கிக்கர் உள்ள வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். வாரம் ஒரு காலையாவது கிக்கரில் எடுங்கள். பேட்டரி நன்றாக இருக்கும்போது பழகாத கிக்கர், நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் தனியாக நிற்கும்போது உதவாது. சில புதிய மாடல்களில் கிக்கரே வைப்பதில்லை. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். என் ஓட்டு கிக்கர் உள்ள வண்டிக்குத்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரி மாணவர்: பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ற மாதிரி ஸ்கூட்டரைத் தள்ளினா எடுக்குமா?

எடுக்காது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் வேகம் கூடினால்தான் கிளட்ச் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். நின்ற இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. சங்கரன்கோவில் வரை தள்ளினாலும் சக்கரம்தான் உருளும். கையில் கியர் மாற்றுகிற பழைய சேத்தக் மாதிரி வண்டிகளில் அது நடந்தது.

மேலப்பாளையத்திலிருந்து: சவுதியில வேலை. லீவுல வந்து பார்த்தா ஒவ்வொரு தடவையும் வண்டி பேட்டரி செத்துக் கிடக்கு. மச்சான் கார்ல இருந்து ஒயர் போட்டு எடுக்கச் சொல்றான். செய்யலாமா?

முதல் கேள்வியை முதலில் முடிக்கிறேன் பாய். ஸ்கூட்டர் பேட்டரி சின்னது, பெரும்பாலும் 12 வோல்ட், 3 முதல் 5 ஆம்பியர்-அவர்தான். மாதக்கணக்கில் நின்றால் தானாகவே இறங்கும். டிராக்கரோ திருட்டு அலாரமோ மாட்டியிருந்தால் அதைவிடச் சீக்கிரம் இறங்கும். ஊருக்குப் போகும் முன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். முதலில் கழற்றுவது நெகட்டிவ், திரும்ப மாட்டும்போது கடைசியாக மாட்டுவதும் நெகட்டிவ். வீட்டில் யாராவது மாதம் ஒரு தடவை சார்ஜில் போட்டால் இன்னும் நல்லது. 4 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும், ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். கார் பேட்டரி ஏற்றுகிற பெரிய சார்ஜரில் போட்டால் சூடாகி வீங்கிவிடும். இப்போது வருகிறவை மூடி முத்திரையிட்ட பேட்டரிகள். திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

ஒயர் போடலாம், ஆனால் கார் இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும். சிவப்பு ஒயர் பிளஸ்ஸுக்குப் பிளஸ். கறுப்பு ஒயரின் ஒரு முனை கார் பேட்டரி நெகட்டிவில், மறுமுனை ஸ்கூட்டர் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். ஸ்பீக்கர் ஒயர் மாதிரி மெல்லிசு வேண்டாம், கொதித்து உருகிவிடும். எடுத்ததும் போட்ட வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது ஸ்கூட்டரின் சொந்தப் பேட்டரியை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். பேட்டரி இல்லாவிட்டால் வோல்டேஜ் எகிறும். பல்பு போனால் பரவாயில்லை, கம்ப்யூட்டர் போனால் செலவு தாங்காது.

உவரியிலிருந்து: போன வருஷம்தான் புதுப் பேட்டரி போட்டேன். அதுக்குள்ள மறுபடியும் மக்கர்.

கடற்காற்று. மூடியைத் திறந்து பாருங்கள், டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். அந்தப் பூப்பு இருக்கிற வரை நல்ல பேட்டரியும் கரண்ட் கொடுக்காது, ஏறவும் ஏறாது. ஒயர்களைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரைத் துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நின்றிருக்கும்போது 12.5 வோல்டுக்கு மேல் இருக்க வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். முறுக்கியும் 12-லேயே நின்றால் பேட்டரி மேல் பழி இல்லை. மேக்னெட்டோ கரண்டை அளவாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிற ரெகுலேட்டரோ, மேக்னெட்டோ காயிலோதான் காரணம். இந்தச் சோதனை செய்யாமல் புதுப் பேட்டரி விற்கிற கடையில் வாங்காதீர்கள்.

சிந்துபூந்துறையிலிருந்து ஒரு அக்கா: 2023 வெள்ளத்துல வண்டி மூழ்கிப் போச்சு. தண்ணி வடிஞ்சதும் பையன் கிக்கரை ஓங்கி மிதிச்சான், இன்ஜின் போயிருச்சு. இந்த வருஷமும் ஆறு பெருகினா என்ன செய்யணும்?

அக்கா, அந்த டிசம்பர் 17, 18-ல் ஜங்ஷன் பக்கம் மூழ்கிய வண்டிகளில் நிறைய இப்படித்தான் கெட்டன. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியுமா? ஓங்கி மிதித்தாலோ செல்ஃப் அடித்தாலோ பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆறு பெருகும் என்று தண்டோரா போட்டதுமே வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். முடியாமல் மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்த பிறகு சாவியைப் போடவே போடாதீர்கள். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரை மெதுவாக, கையாலேயே அழுத்துங்கள். பிளக் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். வருகிறது நிற்கும் வரை அழுத்துங்கள். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கொட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, சிறிது ஓட்டி, அதையும் ஒரு தடவை மாற்றுங்கள். கியர் ஆயிலையும் மறக்க வேண்டாம். டேங்கில் தண்ணீர் போயிருந்தால் பெட்ரோல் முழுவதையும் இறக்க வேண்டும், பம்ப் டேங்குக்குள்தான் இருக்கிறது. ஒயர் சாக்கெட்டுகள் எல்லாம் காயாமல் பேட்டரியை மாட்டினால் கம்ப்யூட்டர் போகும், அதனால் இரண்டு நாள் வெயில் படட்டும். இன்சூரன்ஸ் முழுக் காப்பீடு என்றால் வண்டியைத் தொடும் முன், தண்ணீர் ஏறிய மட்டம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஆள் அனுப்பிப் பார்க்கும் வரை பையனைக் கிக்கர் பக்கம் விடாதீர்கள்.