லண்டன் மேயரால் எது முடியும், எது முடியாது? – கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வாரமாகக் குப்பை எடுக்க வரவில்லை. மேயருக்கு எழுதினால் நடக்குமா?

நடக்காது. குப்பை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் உங்கள் பரோ (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) கவுன்சில் வேலை. லண்டனில் 32 பரோக்களும் சிட்டி ஆஃப் லண்டனும் உண்டு. மேயர் அவற்றுக்கு மேலதிகாரி அல்ல. 1999 சட்டப்படி அமைந்த கிரேட்டர் லண்டன் அத்தாரிட்டியின் (ஜிஎல்ஏ) தலைவர் அவர். போக்குவரத்து, காவல், தீயணைப்பு, நகர வளர்ச்சித் திட்டம், வீட்டுவசதி நிதி ஆகியவை அவர் பொறுப்பு. சாலையில்கூட சுமார் 5 சதவீதம்தான் மேயரின் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் வசம், பெரும்பாலும் சிவப்புக் கோடு போட்ட முக்கியச் சாலைகள். வீட்டு வாசலில் குழி என்றால் அநேகமாக கவுன்சிலைத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: கவுன்சில் வரி பில்லில் ஜிஎல்ஏ என்று தனித் தொகை வருகிறதே? அதை யாரும் தட்டிக் கேட்க முடியாதா?

அது மேயரின் பங்கு. கவுன்சில் வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 2025-26இல் 'டி' பிரிவு (வீட்டு மதிப்பை வைத்துப் பிரித்தது) வீட்டுக்கு 490.38 பவுண்டு. பெரும்பகுதி காவல்துறைக்குப் போகிறது.

தட்டிக் கேட்க 25 பேர் கொண்ட லண்டன் அசெம்பிளி இருக்கிறது. 14 பேர் தொகுதிவாரியாகவும், 11 பேர் கட்சிப் பட்டியல் வழியாகவும் வருகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். பிப்ரவரியில் வரும் மேயரின் இறுதி பட்ஜெட்டைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அனைவரும் வாக்களித்தால் 17. ஆகவே மேயருக்குப் பெரும்பான்மை தேவையே இல்லை, 9 பேர் பக்கம் நின்றால் போதும். 2024 தேர்தலில் மேயரின் கட்சியான லேபருக்கு 11 இடங்கள். மற்ற எல்லாக் கட்சிகளும் சேர்ந்தாலும் 14தான். பத்திரிகையில் 'அசெம்பிளி கடும் எதிர்ப்பு' என்று படித்தால் 17 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அசெம்பிளியின் நிஜமான பலம் கேள்வி கேட்பதில்தான்: ஆண்டுக்கு 10 முறை மேயர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஆறு முறை வராவிட்டால் பதவியே போய்விடும்.

கேள்வி: அதிகம் புகை கக்கும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணத்தைப் பல கவுன்சில்கள் எதிர்த்தும் எப்படி வந்தது?

சாலைக் கட்டணத் திட்டத்தை உறுதிசெய்யும் அதிகாரம் 1999 சட்டத்திலேயே மேயருக்கு உண்டு. பரோக்களின் சம்மதம் தேவையில்லை. நான்கு பரோக்களும் சர்ரே கவுண்டியும் வழக்குப் போட்டன. 2023 ஜூலையில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்ட் 29 முதல் வெளி லண்டனிலும் புகை விதிக்குட்படாத காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு.

கேள்வி: போலீஸ் கமிஷனரை மேயர் நீக்கலாமா?

நேரடியாக முடியாது. நியமனம் உள்துறை அமைச்சரின் பரிந்துரைப்படி. மேயரின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் மேயரின் நம்பிக்கையை இழந்தவர் நீடிப்பது கஷ்டம். 2022இல் அப்போதைய கமிஷனர் கிரெசிடா டிக் விலகியது அப்படித்தான்.

கேள்வி: பக்கத்து மனையில் 200 ஃபிளாட் வருகிறது. ஆட்சேபத்தை எங்கே அனுப்ப?

முதலில் பரோவுக்கு. 150 வீடுகளுக்கு மேல் என்பதால் மனு மேயரிடமும் போகும். ஆறு வாரத்தில் அவர் முதல் கருத்தைச் சொல்வார். பரோ முடிவெடுத்த பிறகு அவருக்கு 14 நாள்: அப்படியே விடலாம், மறுக்கச் சொல்லலாம், தானே எடுத்துக்கொள்ளலாம். பலர் அந்த 14 நாளில் விழித்துக்கொண்டு எழுதுகிறார்கள். அதற்குள் அதிகாரிகளின் அறிக்கை தயாராகியிருக்கும். பரோவின் கருத்துக்கேட்புக் காலத்திலேயே எழுதி, ஒரு நகலை ஜிஎல்ஏ திட்டப் பிரிவுக்கும் அனுப்புங்கள். சமையலறையைப் பின்னால் நீட்டுகிற விவகாரமெல்லாம் மேயர் வரை போகாது.

கேள்வி: என்னிடம் இலங்கை பாஸ்போர்ட். மாணவர் விசா. ஓட்டு உண்டா?

உண்டு. 18 வயதாகி, லண்டனில் முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. இந்தியா, மலேசியா, சிங்கப்பூரும் இதில் சேரும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். பட அடையாளம் கட்டாயம். உங்கள் பாஸ்போர்ட்டே போதும். மூன்று சீட்டு தருவார்கள்: மேயர், தொகுதி உறுப்பினர், லண்டன் முழுமைக்குமான பட்டியல். மேயர் சீட்டில் முன்பு இரண்டாம் விருப்பமும் போடலாம். 2024 தேர்தலில் ஒரே குறிதான். பழைய ஞாபகத்தில் இரண்டு பேருக்குப் போட்ட சீட்டு அப்போது செல்லவில்லை.