ஷாட்கன்னில் தோட்டாவைப் பாதுகாப்பாகப் போடுவது, எடுப்பது எப்படி? வகைக்கு வகை மாறுமா?

மாறும். போடுவதைவிட எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். உள்ளே ஒன்று மிச்சம் இருப்பது தெரியாமல் "காலி" என்று நம்பிவிடுவார்கள்.

நான் டெல்லியில் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ட்ராப் (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டி) சுடுகிறேன். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய இடம். அங்கே புதிதாக வரும் நம்மூர்ப் பையன்கள் "காலிதான் அண்ணா" என்றால், "திறந்து காட்டு தம்பி" என்பேன். கண்ணால் பார்க்கும்வரை எந்தத் துப்பாக்கியும் எனக்குக் காலி இல்லை.

ட்ராப், அதே போலத் தட்டு சுடும் ஸ்கீட் இரண்டிலும் பெரும்பாலும் மேலும் கீழுமாகக் குழல் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கிதான். மடித்துத் திறந்தால் தோட்டா உட்காரும் இரண்டு அறையும் பளிச்சென்று தெரியும். பழக இதைவிட நல்லது கிடையாது. உங்கள் இடத்தில் நின்று, குழல் மைதானத்தைப் பார்த்திருக்க, விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க, தோட்டாவைப் போடுங்கள். மூடும்போது குழலைத் தூக்காமல் பின்கட்டையை மேலே கொண்டுவந்து மூடுங்கள். ட்ராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா உண்டு. முதல் வெடியிலேயே தட்டு உடைந்தால் இரண்டாவது அப்படியே உள்ளே இருக்கும்! அதனால் திரும்புவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும்.

முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷனிலும் சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றும் செமி ஆட்டோமேட்டிக்கிலும் குழலுக்கு அடியில் இருக்கும் மேகசின் குழாய் தோட்டாக்களை மறைத்துவிடும். அறையில் இருப்பதை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். குழாயிலிருந்து அடுத்தது ஏறிவிடும். பம்ப்பில் சுடாத நிலையில் முன்கட்டை பூட்டியிருக்கும். விடுவிக்கும் பொத்தானை அழுத்தி மெல்ல இழுத்து அறையைக் காலி செய்யுங்கள். அப்புறம் குழாயில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக வெளியே விடுங்கள். பல மாடல்களில் அதற்குத் தாழ் உண்டு. எங்கே என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பம்ப் செய்தே வெளியேற்றினால் ஒவ்வொரு தோட்டாவும் அறைக்குள் போய்த்தான் வரும். அது வேண்டாத வேலை. செமி ஆட்டோவில் அறையை மூடும் போல்ட்டைத் திறந்த நிலையில் நிறுத்தி, அறையையும் குழாய் வாயையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அறை காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகுங்கள். சேஃப்டி பொத்தானை மட்டும் நம்பாதீர்கள். பல துப்பாக்கிகளில் அது ட்ரிகரை மட்டுமே தடுக்கும்.

எல்லா வகைக்கும் பொதுவான, உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று: 12 போர் துப்பாக்கியில் தெரியாமல் 20 போர் தோட்டாவைப் போடுவது (போர் எண் கூடினால் தோட்டா ஒல்லி). அது வழுக்கிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னால் ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவதே இதைத் தவிர்க்கத்தான். இரண்டையும் ஒரே பையில் வைக்கவே வைக்காதீர்கள்.

ட்ரிகர் அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழலை மைதானத்தை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 நொடி பொறுத்துத் திறங்கள். சத்தம் மந்தமாக "புஸ்" என்று வந்தால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, குழலுக்குள் வாட் (தோட்டாவில் குண்டுகளுக்குப் பின்னால் இருக்கும் அடைப்பு) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தாத்தா காலத்துச் சுத்தியல் வைத்த இரட்டைக்குழல் வீட்டில் இருந்தால், சுத்தியல் ஏறியிருக்கும்போது அதை இறக்க முயல வேண்டாம். முதலில் திறந்து தோட்டாவை எடுங்கள், பிறகு இறக்குங்கள். திறக்க வரவில்லை என்றால் பலவந்தம் செய்யாமல், லைசென்ஸ் உள்ள டீலருக்கு ஃபோன் செய்து என்ன செய்வதென்று கேளுங்கள்.