300 கிராமில் என்ன வசதி எடுத்துப் போகலாம்?

நாலு நாள் மலைநடை, பை ஏற்கெனவே 9 கிலோ, இன்னும் 300 கிராம்தான் தாங்கும், கூடாரத்தில் தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அந்த 300 கிராமையும் தூக்கத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

முதலில் காற்றடைக்கும் தலையணை. 80 கிராம் அளவிலேயே கிடைக்கிறது. முழுக்க ஊதினால் கல் மாதிரி ஆகி, தலை வழுக்கும். முக்கால்வாசி ஊதிவிட்டு, ஒருக்களித்துப் படுத்தபடியே வால்வை லேசாகத் திறந்து, கழுத்து நேராகும்வரை காற்றை விடுங்கள். மேலே ஒரு டி-ஷர்ட்டைச் சுற்றினால் கன்னத்தில் ஒட்டாது.

அப்புறம் நுரைக் காதடைப்பான். எடை என்று சொல்லவே ஒன்றுமில்லை. கூடாரத் துணி காற்றில் படபடக்கும் சத்தத்துக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. மெல்லிசாக உருட்டி, காதுமடலை மேலே இழுத்துச் சொருகி, விரியும்வரை விரலை எடுக்காதீர்கள்.

தூங்க மட்டும் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். பகலில் போடும் சாக்ஸ் எவ்வளவு நனைந்தாலும் இதைத் தொடக்கூடாது. குளிர் அதிகமானால், வெந்நீர் தாங்கும் கெட்டியான பாட்டிலை நிரப்பி, மூடியை இறுக்கி, ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் போடுங்கள். தண்ணீர் பாட்டில் எப்படியும் கூட வரும்தானே!

மடக்கு நாற்காலி ஆசையை விடுங்கள், இலகுவானதே அரை கிலோவை ஒட்டி வரும். உட்கார ஒரு துண்டு நுரைப்பாய் போதும். பையில் முதுகுப் பக்கம் செருகிக்கொள்ளலாம்.