மறு: வாக்குக் கொடுத்த மூட்டை தேறவில்லை, விதையிலிருந்து எடுக்கலாமா?

ஐந்து பேர் சேர்ந்து உணவு வங்கிக்கு 40 மூட்டை தானியம் தருவதாகச் சொல்லி, மழை தள்ளிப்போனதில் 22 தான் தேறியது. மீதியை விதைக்கு வைத்ததிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விதையில் கை வைத்தால் அடுத்த பருவமே கடனில்தான் தொடங்கும். இருப்பதைக் கொடுத்து, நிலைமையை இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை மூட்டைக் கணக்கு பேசாதீர்கள், பங்கு பேசுங்கள். விளைந்ததில் பத்தில் ஒன்று என்பதுபோல. தானத்துக்கென்று தனித்துண்டு நிலம் ஒதுக்குவதும் உண்டு, ஆனால் தண்ணீரும் களையெடுப்பும் கடைசியாக அந்தத் துண்டுக்குத்தான் போகும். நாங்களே அப்படிச் செய்து வெட்கப்பட்டிருக்கிறோம்.

அப்புறம், பங்கைக் காய்ந்த பிறகு எடை போடுங்கள். 18 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருக்கும் தானியம், 13 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 94 கிலோதான். உங்கள் கணக்கில் கொஞ்சம் இங்கேயும் போயிருக்கலாம். மணியைக் கடித்தால் நசுங்கக் கூடாது, டக்கென்று உடைய வேண்டும். அவசரத்தில் கட்டிய மூட்டை ஒன்றை ஒருமுறை பிரித்தேன். நடுவில் கைவிட்டால் சூடு, பூஞ்சை வாடை. அதை யாருக்குக் கொடுப்பது?

அடுத்த பருவத்துக்கு அதே நிலத்தில் பயறு போடலாமா என்றால், தாராளமாக. பயறின் வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும். பயறை அரைக்காமலே வேகவைக்கலாம் என்பதால் வாங்குபவர்களுக்கும் சுலபம். தானியம் என்றால் அரைக்க அவர்களிடம் வசதி இருக்கிறதா என்று விதைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.