நின்றுபோன புல்வெட்டும் இயந்திரம்: புதிது வாங்குவதற்கு முன்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் புல்தரைக்காக வாங்கிய பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரம், மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்தது. இப்போது கயிற்றை இழுத்தால் மூன்று நான்கு விநாடி ஓடி அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், அதைவிடப் புதிய இயந்திரம் வாங்குவது நல்லது என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வதை ஏற்கலாமா?

பதில்: உடனே ஏற்க வேண்டாம். சில விநாடிகளாவது எஞ்சின் ஓடுகிறது என்றால், ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வருகிறது, சிலிண்டரில் அழுத்தமும் இருக்கிறது என்று பொருள். தொடர்ந்து பெட்ரோல் வந்து சேரவில்லை என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். அதற்கு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகமான கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாலே பல நேரங்களில் போதும்.

இப்போது நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஆகவே நீலகிரி போன்ற ஈரமான ஊரில், பாதி நிரம்பிய டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலில் நீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், அது எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். எளிதில் ஆவியாகும் பகுதி போனபின் மிஞ்சுவதோ பிசின் போலக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். சிறு எஞ்சின் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் கையேட்டில் 10 சதவீத எத்தனாலை மட்டுமே அனுமதிக்கிறார்கள். இதை விற்கும்போதே வாங்குபவரிடம் சொல்வது விற்பனையாளரின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

வேலையைத் திறந்தவெளியில், எஞ்சின் நன்றாக ஆறியபின் தொடங்குங்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கத்தியைக் கையால் தள்ளினால்கூட எஞ்சின் பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால் இந்த ஒன்றை மட்டும் தவிர்க்கவே கூடாது. இயந்திரத்தைச் சாய்க்க நேர்ந்தால் கார்புரேட்டர் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும்.

டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துச் சிறிது நேரம் வைத்தால், நீர் பிரிந்திருப்பது அடியில் தனி அடுக்காகத் தெரியும். அடுத்து, பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிட்டு, கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தை, அதன் நடு போல்ட்டைக் கழற்றி இறக்குங்கள். சில மாடல்களில் அந்த போல்ட்டிலேயே, பெட்ரோலை அளந்து விடும் ஜெட் எனும் நுண்துளை இருக்கும். மற்றவற்றில் அது உள்ளே நடுவில் தனியாக இருக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அதில் அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை தெளிவாகத் தெரிய வேண்டும். ஊசியால் குத்தாதீர்கள்; துளை சற்றுப் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிப்போகும். திரும்பப் பூட்டும்போது ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தால் புதிது போடுங்கள். ஏர் ஃபில்டரையும் பார்த்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். அதன்பின் பத்து நிமிடம் ஓடி நின்றால், டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். அப்போது ஓடினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைபட்டிருக்கிறது.

கத்தி கல்லிலோ வேரிலோ மோதியபின் தொடங்கிய கோளாறு என்றால் கதை வேறு. அந்த அடியில், எஞ்சின் தண்டோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலைச் சரியான நிலையில் பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு (கீ) வெட்டுப்பட்டு, தீப்பொறி வரும் நேரம் பிசகியிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

சுத்தம் செய்தும் பலனில்லாமல் கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமானால், பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறுங்கள். ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். சேவையில் குறைபாடு இருந்தால் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிட அந்த ரசீதே உங்களுக்கு ஆதாரம். முதற்கட்டமாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.

கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் வந்தாலோ, நீலப் புகை நிற்காமல் வந்தாலோ, கத்தித் தண்டு வளைந்து இயந்திரமே அதிர்ந்தாலோ புதியது வாங்குவது பற்றி யோசிக்கலாம். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை. அடுத்த மழைக்கு முன் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டிவிட்டுக் கொட்டகையில் வையுங்கள்.