விலான் 1-ஐ எடுக்கலாம், வரிசை முக்கியம்

ஏற்காட்டில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் நெட்வொர்க்கைச் சேலத்திலிருந்தே கவனித்துக்கொள்ளும் வாசகர் கேட்கிறார்: "மெயின் பிளாக்குக்கும் காட்டேஜுக்கும் இடையிலான சிஸ்கோ ட்ரங்கில் விலான் 1-ஐ எடுத்துவிட்டேன். ஆனாலும் சிடிபியில் எதிர் ஸ்விட்ச் தெரிகிறது. எடுபடவில்லையா? நேட்டிவ் விலானையும் மாற்ற வேண்டுமா?"

எடுபட்டிருக்கிறது. விலான் என்பது ஒரே நெட்வொர்க்கை எண் போட்டுப் பிரிக்கும் பகுதி. ட்ரங்க் என்பது பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு. சிடிபி என்பது பக்கத்து சிஸ்கோ ஸ்விட்சைக் காட்டிக்கொடுக்கும் நெறிமுறை. விலான் 1-ஐ ஸ்விட்சிலிருந்து அழிக்க முடியாது. ட்ரங்கில் அனுமதிக்கும் விலான்களின் 'அலவ்டு' பட்டியலிலிருந்து எடுக்கலாம். எடுத்தால் பயனர் டிராஃபிக் மட்டுமே நிற்கும். சிடிபி, விடிபி, எல்ஏசிபி என ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது தொடரும். அதனால்தான் எதிர் ஸ்விட்ச் இன்னும் தெரிகிறது.

நேட்டிவையும் மாற்றுங்கள். நேட்டிவ் விலானின் ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) மட்டும் ட்ரங்கில் டேக், அதாவது விலான் எண் ஒட்டப்படாமல் செல்லும். விருந்தினர் அறையின் போர்ட்டும் அதே விலானில் இருந்தால், ஒருவர் இரண்டு டேக் ஒட்டி ஃபிரேம் அனுப்பலாம். முதல் ஸ்விட்ச் வெளி டேக்கை உரித்துவிடும். அடுத்தது உள் டேக்கை நம்பி பில்லிங் விலானுக்குள் விட்டுவிடும். எந்தப் போர்ட்டும் சேராத 999 போன்ற ஓர் எண்ணை நேட்டிவாக வையுங்கள்.

இதில் வரிசை தப்பினால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் சரிசெய்ய வேண்டும். முதலில் இரண்டு ஸ்விட்சின் மேனேஜ்மென்ட் ஐபியையும் 99 போன்ற தனி விலானுக்கு மாற்றி, அதன் வழியாகவே லாகின் செய்யுங்கள். அடுத்து கான்ஃபிகை சேவ் செய்துவிட்டு, 'ரீலோட் இன் 10' கொடுங்கள். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் பழைய கான்ஃபிகோடு எழுந்துவிடும். மாற்றத்தை எப்போதும் தூரத்து முனையில் தொடங்குங்கள். நடுவில் 'நேட்டிவ் விலான் மிஸ்மேட்ச்' என்று கன்சோலில் வரும், பதற வேண்டாம். டேக்கோடு போகும் 99-ஐ இது பாதிக்காது. அருகில் உள்ள முனையையும் 999 ஆக்கியதும் அது நின்றுவிடும். எல்லாம் சரி என்றால் 'ரீலோட் கேன்சல்', அப்புறம் சேவ்.

பட்டியலில் புது விலான் சேர்க்கும்போது 'ஆட்' என்ற சொல்லை விடாதீர்கள். செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில் நான் அதை விட்டுவிட்டேன். பழைய பட்டியல் முழுதும் போய், பில் கவுன்டர்கள் அத்தனையும் நின்றன.

வைஃபை ஆக்சஸ் பாயின்ட் மாட்டிய போர்ட்டுகளில் மட்டும் 999 வேண்டாம். அவை பெரும்பாலும் தங்கள் ஐபியை டேக் இல்லாமல்தான் வாங்கும். அங்கே ஆக்சஸ் பாயின்ட்டுக்கான விலானே நேட்டிவாக இருக்கட்டும்.