"பரிசோதனைக்குப் போனால் சம்பளம் போயிடும் அண்ணி"

கேள்வி: என் தம்பி மனைவிக்கு 22 வயது. முதல் கர்ப்பம், ஐந்தாம் மாதம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தற்காலிகமாகக் கொழுந்து எடுக்கிறாள். இதுவரை ஒரு தடவைதான் பரிசோதனைக்குப் போயிருக்கிறாள். கூப்பிட்டால் சம்பளம் போயிடும் என்கிறாள். என் அம்மாவோ, "நாங்க லைன் வீட்டிலேயே (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) பெத்தோம், என்ன கெட்டுப்போச்சு?" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவளுக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. கணக்குப் பார்த்துத்தான் போகாமல் இருக்கிறாள். ஒரு நாள் கூலி, கிலோ கூடினால் வரும் காசு, பஸ் காசு எல்லாம் ஒரே நாளில் போகும். வீட்டில் புதிதாக வந்தவள், வேலையிலும் தற்காலிகம். இரண்டு இடத்திலும் லீவு கேட்க வாய் வராது. அதனால் முதலில் அந்த ஒரு நாள் கூலியை நீங்களோ தம்பியோ அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. தேதி முன்கூட்டியே தெரிவதால் மேஸ்திரியிடம் சொல்லிவைப்பது சுலபம்.

பிரசவத்துக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தானே போகப்போகிறோம் என்று இருந்துவிடாதீர்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை. கோளாறு அதற்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது.

குந்தா பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒரு பெண்ணின் தாய் சேய் நல அட்டையைக் கேட்டேன். மாமியார் பீரோவைத் திறந்து எடுத்து வந்தார். ஹீமோகுளோபின் 8.2 என்று எழுதியிருந்தது. 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. அந்த எண் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. அட்டைக்குள் இரும்புச்சத்து மாத்திரைகள் பிரிக்காமல் இருந்தன. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் பிளேன் டீயோடு போட்டிருக்கிறாள், குமட்டியிருக்கிறது, விட்டுவிட்டாள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலை மலையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்! இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, டீக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி, தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

அப்புறம் வேலை. தற்காலிகம் என்றால் மகப்பேறு விடுப்பு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும்; முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். தில்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பதிவேடு) பெண்கள் தொடுத்த வழக்கில், தினக்கூலிகளுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. சம்பளச் சீட்டுகளை இப்போதே சேர்த்து வையுங்கள். தனியாகக் கேட்கத் தயங்குவாள், தொழிற்சங்கம் மூலமாக எழுத்தில் கேளுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்: 14,000 பணம், 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கினார்களா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கட்டும், போன் நம்பரும் அவளுடையதாகவே இருக்கட்டும். கொழுந்தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, பணம் வந்த விஷயமே மாதக்கணக்கில் தெரியாமல் இருந்த பெண்ணை எனக்குத் தெரியும்.

உங்கள் அம்மாவோடு வாதாட வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம். "அந்தத் துணை நீங்கதான்மா" என்று அவரிடம் சொல்லி அடுத்த பரிசோதனைக்கு அவரையே கூட்டிப் போங்கள். அட்டையில் உள்ள எண்ணை மருமகள் முன்னாலேயே செவிலியர் அவருக்குப் படித்துச் சொல்லட்டும். அட்டை திரும்பி வரும்போது மருமகள் பையில் இருக்கட்டும்.

108 வண்டி உங்கள் லைன் வரை ஏறுமா, பாதை எங்கே நின்றுவிடுகிறது என்று ஒரு நாள் பகலில் நடந்து பாருங்கள். ஏறாது என்றால், மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்குச் சில நாள் முன்பே வந்து தங்க அறை இருக்கிறது. உங்கள் பக்கத்தில் அது எங்கே என்று ஏழாம் மாதத்துக்குள் கேட்டு வையுங்கள்.